மாசானம் வீட்டுக் கல்யாணமும் ரெண்டு டேட்டாபேஸும்

வெள்ளந்திபுரத்தில் புத்தி வாடகைக்குக் கிடைக்காது, பாத்திரம் கிடைக்கும். பாத்திரக் கடை மாசானத்தினுடையது. போன ஆவணியில் ஒரே சாம்பார் அண்டாவை ஒரே நாளில் ரெண்டு கல்யாணத்துக்குத் தருவதாக வாக்குக் கொடுத்து, ரெண்டு வீட்டாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார் மனுஷர். இப்போது சொந்த மகளுக்கே கல்யாணம். பாத்திரக்கடைக்காரன் வீட்டிலேயே பாத்திரம் இல்லையென்றால் சம்பந்தி சும்மா விடுவாரா? அந்தக் கவலையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று இன்ஜினியர் எஸ்தர்ராணியை வரவழைத்தார்.

"அண்ணாச்சி, நீங்க அண்டா வாடகைக்கு விடுத மாதிரி, கிளவுட்ல டேட்டாபேஸ் வாடகைக்கு விடுதாங்க. ரெண்டு வகை இருக்கு. ரிலேஷனல்னா வகைவகையாப் பிரிச்சு வச்சு, நம்பரைப் பாத்துச் சேத்துக்கணும். நோ-எஸ்க்யூஎல்னா ஒரு கல்யாணத்துக்கு உள்ளது பூராவும் ஒரே மூட்டை. உங்க சாமானை ரெண்டு விதமாவும் வச்சுப் பாருங்க. எது தோதுப்படுதோ சொல்லுங்க."

சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை பஸ் ஏறிப் போய்விட்டது.

வச்சுப் பார் என்றால் வச்சுப் பார்க்க வேண்டியதுதானே! மாசானமும் மச்சினன் சப்பாணிமுத்துவும் முதலில் ரிலேஷனலில் இறங்கினார்கள். அண்டாவெல்லாம் ஓர் அறை, மூடியெல்லாம் ஓர் அறை.

"அத்தான், கரண்டில குழி ஒரு வகை, பிடி ஒரு வகைல்லா?"

"ஆமால. கழத்து."

கழற்றி, நம்பர் எழுதி, தனித்தனியாக அடுக்கினார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் சமையல்காரர் ஒரு கரண்டி கேட்டார். குழி உடனே கிடைத்தது. அதற்கான பிடியைத் தேடிப் பிடிப்பதற்குள் தாளிப்பு கரிந்து ஊரே இருமியது.

"இது ஆவாதுல. நோ-எஸ்க்யூஎல்லுக்கு மாறிருவோம்."

அவ்வளவையும் கட்ட மூட்டைத் துணிக்கு எங்கே போக? லாரியையே மூட்டையாக வைத்துக்கொண்டார்கள். மறுநாள் விடிந்ததும் அண்டா, அரிசி, வாழைத்தார், சமையல்காரர் எல்லாம் ஏறியாயிற்று.

"அத்தான், பொண்ணு?"

"பொண்ணு இல்லாம என்னல கல்யாணம்? ஏத்து."

"மாப்பிள்ளை?"

மாசானம் நன்றாக யோசித்தார். "அவரும் இந்தக் கல்யாணத்துக்கு உள்ளவருதாம்ல."

மாப்பிள்ளையும் அவர் அப்பா கோமதிநாயகமும் மறுபேச்சில்லாமல் ஏறினார்கள். அவர்களும் வெள்ளந்திபுரம்தானே.

லாரி மண்டப வாசலில் போய் நின்றது. "முகூர்த்தம் முடியப் போறது, சீக்கிரம் இறங்குங்கோ!" என்று ஐயர் உள்ளேயிருந்து கத்தினார்.

"எறங்கினா மூட்டை பிரிஞ்சிருமே அத்தான்!" என்றான் சப்பாணிமுத்து.

மாசானத்துக்கு அழுகையே வந்துவிட்டது. இறங்கினால் மறுபடியும் கரண்டி கதிதான். இறங்காவிட்டால் மகள் கழுத்தில் தாலி ஏறாது. இந்த லட்சணத்தில் பக்கத்திலேயே சம்பந்தி வேறு.

"ஏல, மண்டபமும் இந்தக் கல்யாணத்துக்கு உள்ளதுதான?"

"ஆமா அத்தான்! ஆனா லாரில ஏறாதே?"

"கட்டி இழுப்போம்."

வடக்கயிற்றை வாசல் தூணில் கட்டி, மறுமுனையை லாரியில் முடிந்தார்கள். லாரி உறுமியது, புகை கக்கியது, மண்டபம் அசையவில்லை. மாசானம் மெல்லச் சம்பந்தியைப் பார்த்தார்.

கோமதிநாயகத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன சம்பந்தி இது அநியாயம்? பொண்ணு வீட்டுக்காரங்க மட்டும் இழுத்தா, நாளைக்கு ஊர்ல எங்க மரியாதை என்ன ஆவுறது?" என்றவர், வாசலில் நின்ற தம் சொந்தக்காரர்களைப் பார்த்துக் கையை வீசினார். "ஏலே, நம்மாளுக எல்லாரும் பின்பக்கமாப் போயி மண்டபத்தைத் தள்ளுங்கல! உள்ள ஐயர் நிக்காரு, பாத்து மெதுவா!"