கனத்துப்போன கிரீடம்

முன்னொரு காலத்தில், வீசை என்ற எடை கடைக்குக் கடை மாறிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், வச்சிரவர்மன் என்ற அரசனுக்கு எடைக்கல் ஆசை பிடித்தது. பித்தளையில் எழுத்துப் பொறித்த ஒரு வீசைக் கல் வார்க்கச் சொல்லி, அதற்கு ராஜக்கல் என்று பெயர் வைத்தான். அந்தக் கல்லை வைத்தே நிறுத்து, சரியாக ஒரு வீசைப் பொன்னில் தனக்கொரு கிரீடமும் செய்துகொண்டு, உள்பக்கம் ‘ஒரு வீசை’ என்று பொறித்துக்கொண்டான். அப்புறம் முரசறையச் செய்தான்: “ராஜக்கல் ஒருநாளும் குறையாது. வீசை என்று பொறித்து அதற்கு ஒத்துவராதது எதுவானாலும் கள்ள எடை. பொறுப்பானவனின் கட்டைவிரல் போகும். ராஜக்கல்லைக் குறை சொன்னால் தலையே போகும்.”

கடைக்கற்களை ராஜக்கல்லோடு நிறுத்துப் பார்த்து முத்திரை குத்தும் வேலை அரண்மனை விகடகவி சிற்றம்பலத்துக்குக் கிடைத்தது. அதற்கு ஆசைப்பட்ட அனந்தராயருக்கோ ராஜக்கல்லைக் காக்கும் வேலைதான் வாய்த்தது. மனிதர் வயிறெரிந்தாலும் கடமையில் குறை வைக்கவில்லை. கல்லில் தம் மீசை தெரியும்வரை தினமும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தார்.

பன்னிரண்டு வருஷம் போயிற்று. ஒருநாள் அனந்தராயர் கடைக்கற்களைக் கூடையோடு சபைக்குக் கொண்டுவந்து, தராசில் ஒவ்வொன்றாக ராஜக்கல்லுக்கு எதிரே வைத்தார். அத்தனையும் கனத்தன.

“பார்த்தீர்களா மகாராஜா! விகடகவி முத்திரை குத்தியதெல்லாம் கள்ளக்கல்!” என்றார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

சிற்றம்பலம் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டான். பிறகு கற்களைப் பார்த்தான். கடைக்கற்கள் எண்ணெயும் மிளகாய்த்தூளும் அப்பிக் கன்னங்கரேல் என்று இருந்தன. ராஜக்கல் கண்ணாடியாக மின்னியது. அதில் பொறித்த எழுத்துதான் பாதி காணோம். விஷயம் விளங்கிவிட்டது. ஆனால், கல் தேய்ந்தது என்று வாயைத் திறக்க முடியுமா? விரலைக் காப்பாற்றத் தலையைக் கொடுக்க அவனுக்கு மனமில்லை.

“மகாராஜா, ராஜக்கல் குறையுமா?”

“குறையவே குறையாது!”

“அப்படியானால் மற்றவைதான் கொழுத்துவிட்டன. பன்னிரண்டு வருஷம் மளிகைக்கடையில் உட்கார்ந்திருந்தால் கொழுக்காதா? இன்னும் எவையெவை கொழுத்தன என்று பார்த்துவிட்டால், எல்லோருக்கும் ஒன்றாகவே தண்டனை கொடுத்துவிடலாம்.”

“நல்ல யோசனை. எவனாயிருந்தாலும் விடமாட்டேன்.”

“எவராயிருந்தாலுமா?”

“அரசன் வாக்கு!”

“அப்படியானால் அந்தக் கிரீடத்தைக் கொஞ்சம் கொடுங்கள்.”

அதை வாங்கி, ராஜக்கல்லுக்கு எதிரே தராசில் வைத்தான். அந்தத் தட்டு லொட்டென்று கீழே இறங்கியது. சிற்றம்பலம் குனிந்து உள்பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

“ஒரு வீசை என்று பொறித்திருக்கிறது. ராஜக்கல்லுக்கு ஒத்துவரவில்லை. ஆகவே, இதற்குப் பொறுப்பானவர்...” என்று இழுத்து, அரசனின் கையைப் பார்த்தான்.

வச்சிரவர்மன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான். “அடேய்! தங்கம் எப்படியடா கொழுக்கும்?”

“அதுதான் எனக்கும் புரியவில்லை, மகாராஜா.” ராஜக்கல்லை எடுத்துவிட்டு, அந்தத் தட்டில் ஒரு கறுப்புக் கடைக்கல்லை வைத்தான். தராசு முள் நேராக நின்றது. “கிரீடமும் கடைக்கல்லும் பேசிவைத்தாற்போல் ஒரே அளவு கொழுத்திருக்கின்றன. கொழுக்காதது ஒன்றே ஒன்றுதான். தினமும் புளி பார்ப்பதும் அது ஒன்றுதான்.”

அரசன் ராஜக்கல்லை வாங்கி, அழிந்துபோன எழுத்தை விரலால் தடவினான். அனந்தராயர் பக்கம் திரும்பினான்.

“தினமுமா தேய்த்தீர்?”

“ஒருநாள் தவறவில்லை, மகாராஜா! காய்ச்சலில் கிடந்தபோதுகூடத் தேய்த்தேன்!” என்று நெஞ்சை நிமிர்த்தினார் அனந்தராயர்.

அவ்வளவுதான், அரசன் சிம்மாசனத்தில் புரண்டு புரண்டு சிரித்தான். “ராஜக்கல்லும் குறையும்” என்று அன்றே முரசறையச் சொன்னான். கறுப்புக் கல்லை வைத்து ஒரு வீசைப் பொன் நிறுத்துச் சிற்றம்பலத்துக்குப் பரிசளித்தான். கிரீடத்தை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டு, “இனி இதுதான் நாட்டுக்கு வீசை!” என்றான்.

அனந்தராயர் கைகட்டி முன்னே வந்தார். “அடியேனுக்கே உத்தரவாகட்டும், மகாராஜா. நாளை முதல் அதையும் தினமும்...”

அரசன் இரண்டு கையாலும் கிரீடத்தை இறுகப் பிடித்துக்கொண்டான். “கிட்டே வராதீர்!”