ஊற்று வளைவு

வீரமலைக்கு ஐம்பத்து நாலு வயது. அவருடைய குருவுக்கு நாற்பத்தொன்று.

குருவின் பெயர் உலகம்மா. ஊர் பாபநாசம் பக்கம். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இமயமலைக்கு வந்தவர், வேலையை விட்ட பிறகும் மலையை விடவில்லை. ஆசிரமத்தில் எல்லோரும் அவரை "அம்மா" என்றார்கள். வீரமலையும் அப்படித்தான். அம்மா திருப்பி அவரை "அண்ணே" என்பார்.

வீரமலை சங்ககிரி லாரி டிரைவர். வடக்கே ஓட்டி ஓட்டி இந்தியும் பேசுவார். ஒரு கோடையில் ஆசிரமத்துக்கு அரிசி மூட்டை இறக்க வந்தார். ஒரு வாய்க் கஞ்சி குடித்துவிட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. லாரியைக் கிளீனர் ஓட்டிக்கொண்டு போனான். அவ்வளவுதான் அவருடைய துறவு.

ஆசிரமத்தில் ஒரு ஜீப் இருந்தது. சுற்றியிருந்த ஒன்பது கிராமத்துக்காரர்கள் ஏழு வருஷம் உருளைக்கிழங்கு விற்று வாங்கிக் கொடுத்தது. மேலே யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் கீழே டவுன் ஆஸ்பத்திரிக்கு அந்த ஜீப்தான் போகும். வேறு வண்டி கிடையாது. அம்மாதான் ஓட்டுவார்.

முதல் பனி விழுந்ததும் வீரமலை அவர் முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்கம்மா, வண்டிய இனி நான் ஓட்டறனுங்க."

"வேண்டாம்ணே."

"இருபத்தாறு வருசமுங்க. ஒரு கோழியக்கூட அடிச்சதில்லீங்க. எனக்கு என்னங்கம்மா தெரியாது?"

"இன்னிக்கு நீங்களே வண்டியை நிறுத்திட்டு வாங்க. காலையில பேசுவோம்."

வீரமலை அன்று சாயந்தரம் ஜீப்பை முற்றத்தில் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கறக், கறக், கறக். மூன்றாவது இழுப்புக்குப் பல்லைக் கடித்துக்கொண்டார். ஏற்காட்டு மலையில் படிந்த பழக்கம். வண்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்ப் படுத்தார்.

காலையில் வெயில் முற்றத்துக்கு வந்ததும் அம்மா, "கிளப்புங்க" என்றார்.

எஞ்சின் முனகியது, இருமியது, பிடித்துக்கொண்டது. வீரமலை ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு கியரைப் போட்டார். வண்டி நகரவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கட்டிப்போட்ட மாடு மாதிரி ஜீப் முன்னால் குனிந்து, நின்ற இடத்திலேயே நடுங்கியது.

"வண்டிக்கு என்னமோ ஆயிப்போச்சுங்கம்மா."

அம்மா சுத்தியலை எடுத்துக்கொண்டு பனியில் மல்லாந்து வண்டிக்கடியில் நுழைந்தார். டங், டங் என்று சத்தம் வந்தது. பிரேக் கட்டை ராத்திரிக் குளிரில் டிரம்மோடு உறைந்து ஒட்டியிருந்தது. அது விட்டுக்கொடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அம்மா வெளியே வந்தபோது தலைமுடியெல்லாம் பனித்தூள்.

"மலையில ஹேண்ட் பிரேக் போடாம எப்படீங்கம்மா வண்டிய நிறுத்தறது?"

"கியர்ல விட்டுட்டுச் சக்கரத்துக்குக் கல்லு வைங்க."

"கல்லு போதுமுங்களா?"

"இன்னிக்கு ஒருத்தனுக்கு நெஞ்சுவலின்னு வந்திருந்தா, நான் அடியிலே படுத்துத் தட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

வீரமலை கல் தேடப் போனார்.

அதற்கப்புறம் வண்டியைத் தயார் செய்யும் வேலை அவருடையதானது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றக் கூடாது, உறையாமலிருக்கக் கூலண்ட் கலந்துதான் ஊற்ற வேண்டும் என்று தெரிந்துகொண்டார். பொழுது சாய்ந்தால் பேட்டரியைக் கழற்றி, கம்பளியில் சுற்றி, பச்சைக் குழந்தை மாதிரி அடுப்பங்கரைக்குத் தூக்கிப் போவார். ஒரு நாள் முன்கண்ணாடிப் பனியைக் கரைக்கக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டுவந்தார். அம்மா கெட்டிலை வாங்கி அதில் தேயிலையைப் போட்டார்.

"கண்ணாடியில ஊத்தினா விரிஞ்சிடும்ணே. தொண்டைக்கு ஆகும், குடிங்க."

இன்னொரு நாள் கண்ணாடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மட்டும் வழித்துவிட்டு, "ரோடு தெரியுதுங்கம்மா, போதும்" என்றார். அம்மா ஏறி நின்று கூரைப் பனி முழுவதையும் அவர் தலையில் தள்ளினார்.

"பிரேக் போட்டா இதெல்லாம் முன்னாடிதான் வந்து விழும். இப்ப ரோடு தெரியுதா?"

"ஒண்ணுந் தெரியலீங்கம்மா" என்றார் வீரமலை, பனிக்குள்ளிருந்து.

இத்தனைக்கும் பிறகு கேட்டார். "எப்பத்தானுங்க எனக்கு ஓட்டச் சொல்லித் தருவீங்க?"

அம்மா கொட்டிலுக்குப் போனார். சுமை சுமக்கும் கோவேறு கழுதையின் கழுத்திலிருந்து மணியை அவிழ்த்தார். வந்து குனிந்து, வீரமலையின் வலது கணுக்காலில் கட்டினார்.

"கழுதை மணிங்களா எனக்கு!"

"அதுகிட்ட கேட்டுட்டுத்தான் அவுத்தேன்."

அறுவடை முடிந்த உருளைக்கிழங்கு வயல் பனி மூடிக் கிடந்தது. அதில் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி ஓட்டச் சொன்னார். கால் பிரேக்குக்குப் போகும்போதெல்லாம் மணி அடித்தது. கல்ங்.

"இப்ப எதுக்குண்ணே?"

"வழுக்குச்சுங்க."

"வழுக்கினா?"

"பிரேக்..." கல்ங். வண்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது.

கல்சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்த கிராமத்துப் பிள்ளைகள் ஒரே குரலில் "கல்ங்!" என்று கத்தினார்கள். ஒருத்தி வீரமலையின் குரலிலேயே, "வழுக்குச்சுங்க, வழுக்குச்சுங்க" என்றாள். தமிழ் ஒரு சொல் தெரியாதவள். அச்சு அசலாக இருந்தது.

"கழுதைகூட இவ்வளவு சத்தம் போட்டதில்லை" என்றார் அம்மா.

வழுக்கும்போது காலை எடுக்க வேண்டும். வண்டியின் பின்பக்கம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை மெதுவாகக் கொடுக்க வேண்டும். சொன்னால் ஒரு வரி. வீரமலையின் காலுக்கு அது போய்ச் சேர ஒரு மாதம் ஆனது. மணி குறைந்தது. ஒரு நாள் காலை முழுக்க அடிக்கவில்லை.

"மணி அடிக்கலீங்கம்மா. கழட்டிடட்டுங்களா?"

"இருக்கட்டும்ணே."

தை பிறந்த வாரம் அம்மா வாசற்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மூங்கில் பட்டை வைத்துக் கட்டிக்கொண்டார். நாலாம் நாள் காலையில் மேல் கிராமத்திலிருந்து ஹயாத் சிங் என்ற இளைஞன் மூச்சிரைக்க ஓடி வந்தான். அவன் மனைவி பசந்திக்கு வலி எடுத்து ஒரு பகலும் ஒரு இரவும் ஆகிவிட்டது. தலைச்சன் பிள்ளை. பின்னாலேயே அவளைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூடவே மாமியார்.

அம்மா இடது கையால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"குறுக்கே கிடக்கு. இங்க ஆகாது. ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்."

எல்லோரும் அம்மாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்கள். பிறகு வீரமலையின் காலைப் பார்த்தார்கள்.

வீரமலை ஏற்கெனவே பேட்டரியை மாட்டிக்கொண்டிருந்தார். பின்சக்கரங்களுக்குப் பனிச் சங்கிலி போட்டார். மண்வெட்டி, கயிறு, கம்பளி, ஒரு மூட்டை அடுப்புச் சாம்பல், வெல்லம். கூரையை வழித்தார். கண்ணாடியை ஓரம் வரை துடைத்தார். சக்கரத்துக் கல்லை எடுத்துவிட்டு அம்மாவிடம் வந்தார்.

"ஒம்பது ஊருக்கும் இந்த ஒரு வண்டிதானுங்க. ஏதாச்சும் சொல்லி அனுப்புங்கம்மா."

"போயிட்டு வாங்க" என்றார் அம்மா.

ஆறு கிலோமீட்டர் நல்லபடியாக இறங்கினார். இரண்டாம் கியர், சில இடத்தில் முதல் கியர். பசந்தி முனகும்போதெல்லாம் மாமியார் மலைத் தெய்வங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மணி அடிக்கவில்லை.

ஊற்று வளைவு வந்தது. அங்கே மலைச்சுவரில் ஒரு ஊற்று கசியும். ரோட்டில் வழிந்து உறையும், அதன் மேல் மறுபடி வழிந்து உறையும். வெயில் அந்த இடத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை. வலப்பக்கம் சுவர். இடப்பக்கம் பள்ளம்.

வீரமலை வளைவுக்கு நாற்பதடி முன்னால் வண்டியை மெல்ல நிறுத்தினார். இறங்கி நடந்து பார்த்தார். ஐஸ் மேல் நாலாவது எட்டு வைத்ததும் மல்லாக்க விழுந்தார். படுத்தபடியே ஐஸைக் கையால் தடவினார். ஒரு சொரசொரப்புக்கூட இல்லை.

ஹயாத் தலையை வெளியே நீட்டி இந்தியில் கத்தினான். "ஏன் பெரியவரே நின்னுட்டீங்க? ஓட்டுங்க!"

"கண்ணாடியாட்டம் கெடக்குதப்பா."

"அம்மா இருந்தா இந்நேரம் தாண்டியிருப்பாங்க!"

வீரமலை இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவிப் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷம் ஓட்டினாராம்! அவ உள்ள செத்துக்கிட்டு இருக்கா, நீ ரோட்டைத் தடவிக்கிட்டு இருக்கே. கழுதை மணி சரியாத்தான் கட்டியிருக்காங்க உனக்கு!"

பசந்தி ஒரு முறை அலறினாள். அந்த அலறல் எதிர்மலைக்குப் போய்த் திரும்பி வந்தது. வீரமலை எழுந்து வண்டிக்கு வந்தார். கை ஸ்டியரிங் வரை போனது. தாண்டிவிடலாம் என்றும் தோன்றியது. நூறடிதான். அம்மா இருந்தால் தாண்டியிருப்பாரா? அவருக்குத் தெரியவில்லை.

"எல்லாரும் எறங்குங்க" என்றார்.

"என்ன?"

"எறங்குடா!"

பின்சீட்டுப் பலகையைக் கழற்றினார். அதில் கம்பளியை விரித்துப் பசந்தியைப் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். வீரமலை சாம்பல் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரை ஒட்டி, நெல் விதைப்பதுபோல் தூவிக்கொண்டே முன்னால் போனார். ஒரு ஆள் நடக்கும் அகலம். மூட்டை வளைவின் கடைசியில்தான் காலியானது. திரும்பி வந்து பலகையின் ஒரு முனையைப் பிடித்தார். ஹயாத் மறுமுனை. மாமியார் நடுவில். அடி அடியாக அந்தப் பக்கம் சேர்த்தார்கள்.

"வண்டிக்குச் சாம்பல்?" என்று கேட்டாள் மாமியார்.

"தீந்துபோச்சுங்க."

தனியாக வந்து ஏறினார். சுவர்ப்பக்கக் கதவைத் திறந்தபடியே விட்டார். முதல் கியர். ஜீப் நடக்கும் வேகத்தில் ஐஸில் ஏறியது. பாதி வளைவு வரை வந்தது. அங்கே பின்பக்கம் இடது பக்கமாக நழுவத் தொடங்கியது. காலை எடுத்தார். ஸ்டியரிங்கை இடப்பக்கமே கொடுத்தார். வண்டி யோசித்தது. நேராகப் போகலாமா என்று நினைத்த மாதிரி இருந்தது.

கல்ங்.

கால் போனது அவருக்குத் தெரியவில்லை. மணிக்குத்தான் தெரிந்தது.

ஜீப் பக்கவாட்டில் திரும்பியது. வீரமலை சுவர்ப்பக்கம் பாய்ந்தார். முழங்கையும் தாடையும் ஐஸில் மோதின. தலையைத் தூக்கியபோது ரோடு காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வெகு கீழேயிருந்து, தகர டப்பாவை உருட்டுவதுபோல் ஒரு சத்தம். அது நிற்க நேரமானது.

ஹயாத் பள்ளத்தைப் பார்த்தான். பலகையில் கிடந்த மனைவியைப் பார்த்தான். குனிந்து பலகையின் தன் முனையைத் தூக்கினான். வீரமலை மறுமுனையைத் தூக்கினார். ரோடு போடுகிறவர்களின் முகாம் மூன்று கிலோமீட்டர் கீழே இருந்தது. அங்கிருந்து ஒரு லாரி அவர்களை டவுனுக்குக் கொண்டுபோனது.

மறுநாள் மத்தியானம் ஆசிரமத்துக்காரர்கள் ஜீப் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மணிச் சத்தம் வந்தது. வீரமலை நடந்து வந்துகொண்டிருந்தார். தாடையில் பிளாஸ்திரி.

முற்றத்தில் நின்றவர்களைத் தாண்டி நேராக அம்மாவிடம் வந்தார். தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

"வண்டி போச்சுங்கம்மா. ஊற்று வளைவுல. பள்ளத்துக்குப் போயிருச்சு."

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

"காலு பிரேக்குக்குப் போயிருச்சுங்க. இத்தனை நாள் சொல்லிக் குடுத்தும் போயிருச்சுங்க. ஒம்பது ஊர் வண்டிய ஒத்தக் கால்ல தொலைச்சுட்டனுங்க. நான் கிளம்பறனுங்கம்மா."

"பசந்தி?"

"ஆப்பரேசன் பண்ணினாங்க. பொட்டப்புள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

"வண்டி விழுறப்ப உள்ள யாருண்ணே இருந்தா?"

"யாருமில்லீங்கம்மா."

"ஏன்?"

வீரமலை தரையிலிருந்து முகத்தைத் தூக்கினார். அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"எறக்கி உட்டுட்டனுங்க. வளைவுக்கு முன்னாலயே."

அம்மா இடது கையை நீட்டி அவர் தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார்.

"அடுத்த வண்டி வர ஏழு வருஷம்கூட ஆகலாம்ணே. அதையும் நீங்கதான் ஓட்டணும்."