யார் காலில் விழுந்தார் மலைக்காரர்?

சுனையாண்டிக்கோட்டை ராஜா கொழுந்தப்பருக்கு ஓலை எழுதும் ராயசமாக இருந்தவர் சந்தியாகு. அவர் கிறிஸ்தவர். ஊரில் அவருடைய சனங்கள் கூரை வேய்ந்து ஒரு சின்னக் கோவில் கட்டியிருந்தார்கள். அது தலைமை மந்திரியான பிரதானி அனந்தப்பர் கண்ணை உறுத்தியது.

அனந்தப்பரின் தலைப்பாகை பதினெட்டு முழம் என்பார்கள். இருபத்திரண்டு என்பாரும் உண்டு. இருபது என்று வைத்துக்கொள்வோம்.

ஒருநாள் சபையில் அவர் எழுந்தார். "மகாராஜா, ராயசத்திடம் ஒரு கேள்வி. எல்லா மதத்தாரும் கும்பிடுவது ஒரே கடவுளைத்தானா? ஆம் என்றால் நம் கோவில்களே போதும், அந்தக் கூரையைப் பிரித்துவிடலாம். இல்லை என்றால் மகாராஜா கும்பிடுவது கடவுளே இல்லை என்றாகிறது. ராயசம் நாட்டைவிட்டுப் போகட்டும். ஒரே சொல்லில் பதில் வேண்டும்!"

ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை சொல்கிறேன், மகாராஜா" என்றார் சந்தியாகு.

அந்த வெள்ளிக்கிழமை மலைக்காரர்கள் வருஷத்து முதல் தேனைக் கொண்டுவரும் நாள். ராஜாவைப் பார்த்தே இராதவர்கள் வருவார்கள். கட்டியக்காரர்தான் "இதோ மகாராஜா!" என்று காட்டிவிடுவார். அன்று காலை சந்தியாகு அவரைத் தேடிப் போய், நல்ல கொழுந்து வெற்றிலையாகப் பார்த்து ஒன்பது மடித்துக் கொடுத்தார். மலைக்காரர்கள் உள்ளே நுழைந்தபோது கட்டியக்காரருக்கு வாயைத் திறக்க வழியில்லை.

வெயிலுக்கு ராஜா வெறும் மேல்துண்டோடு உட்கார்ந்திருந்தார். மலைக்காரர் தலைவர் வேலப்பன் சபையைச் சுற்றிப் பார்த்தார். இருபது முழத் தலைப்பாகை கண்ணில் பட்டது. நேரே போய் அனந்தப்பர் காலில் விழுந்தார். "எங்க மகாராசா! நல்லா இருக்கணும் சாமி!"

அனந்தப்பரின் கை தன்னையறியாமல் ஆசீர்வதிக்க உயர்ந்தது. பிறகுதான் அவருக்கு வியர்த்தது.

"என்னய்யா நடக்கிறது இங்கே?" என்று ராஜா கத்தினார்.

"பிரதானியின் கேள்விதான் நடக்கிறது, மகாராஜா" என்றார் சந்தியாகு. "அவரே சொல்லட்டும். இந்தப் பெரியவர் கும்பிட்டது மகாராஜாவையா? ஆம், இல்லை, ஒரே சொல்."

ஆம் என்றால் அனந்தப்பர்தான் மகாராஜா. இல்லை என்றால் ராஜாவுக்குரிய கும்பிடை அவர் வாங்கிக்கொண்டார். வெற்றிலை போடாமலே அனந்தப்பருக்கும் பேச்சு நின்றுவிட்டது.

"பெரியவரே, தேன் யாருக்கு?" என்றார் சந்தியாகு.

"பஞ்சத்துல அரிசி அனுப்பின மகாராசாவுக்குத்தான். வேற யாருக்கு?"

ராஜா முகம் மலர்ந்தது. "அப்படியானால் தேன் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது!"

"அதைச் சொல்ல வேண்டியவர் மகாராஜாதான். நானும் சொல்லக்கூடாது, பிரதானியும் சொல்லக்கூடாது. மற்றவர்கள் கும்பிடு கடவுளிடம் சேர்ந்ததா என்பதையும் அவரிடமே விட்டுவிட்டேன். ஆனால் ராஜாவின் முகம் தெரிந்த நான், இவர் பிரதானி காலிலேயே கிடக்கட்டும் என்று சும்மா நிற்கலாமா?" சந்தியாகு குனிந்து வேலப்பனின் தோளைத் தொட்டார். "ஐயா, ராஜா அங்கே இருக்கிறார்." பிறகு நிமிர்ந்தார். "எங்கள் கோவிலில் நடப்பது இவ்வளவுதான்."

"அது சரி ஓய், நீர் மட்டும் சரியான முகத்தைக் கண்டதாக எப்படிச் சொல்கிறீர்? தலைப்பாகைகள் நிறைய இருக்கின்றனவே?" என்றார் ராஜா.

"நானும் விழுவதற்குக் கால் தேடிக்கொண்டுதான் இருந்தேன், மகாராஜா. எல்லோரும் காலை நீட்டினார்கள். ஒருவர் மட்டும் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து தம் சீடர்களின் காலைக் கழுவினார் என்று எங்கள் வேதத்தில் கேட்டேன். ராஜா யாரென்று அப்போது தெரிந்துவிட்டது."

ராஜா தம் வெறும் மேல்துண்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, "கூரையைப் பிரித்துவிடுங்கள்" என்றார். அனந்தப்பர் நிமிர்ந்தார். "பிரித்துவிட்டு, அரண்மனைச் செலவில் ஓடு போட்டுக் கொடுங்கள்."

அனந்தப்பர் மறுபடி குனிந்தார்.

"பிரதானி, இன்று விருந்துக்கு முன்னால் மலைக்காரர்கள் காலை நீர்தான் கழுவ வேண்டும். அதன் பிறகு உம்மை யாரும் ராஜா என்று நினைக்கமாட்டார்கள்."

சந்தியாகு மெல்லக் கனைத்தார். "வேண்டாம், மகாராஜா. கழுவினால் நானே நினைத்துவிடுவேன்."