அஞ்சுதெருப்பட்டி அனுப்பிய ஐந்தெழுத்து

அஞ்சுதெருப்பட்டிக்காரர்களை யாராவது குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது. என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. அங்கே இன்றுவரை ஒரு அடிதடி கிடையாது, ஒரு போலீஸ் கேஸ் கிடையாது. காரணம், எந்தக் காரியத்திலும் ஒரு தெரு இன்னொரு தெருவுக்கு முந்தாது. எதுவானாலும் ஐந்து தெருவும் சேர்ந்துதான் செய்யும்.

அம்மன் கோயில் தேரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வடம் யாருக்கு என்ற பேச்சே வரக்கூடாது என்று தேரைச் சுற்றி ஐந்து வடம் பூட்டியிருக்கிறார்கள். தெருவுக்கு ஒன்று, திசைக்கு ஒன்று. திருவிழாவன்று ஐந்து தெருவும் ஒரே நேரத்தில் அவரவர் பக்கமாக மூச்சைப் பிடித்து இழுப்பார்கள். தேர் நாற்பது வருஷமாக நின்ற இடத்தில் நிற்கிறது. அசம்பாவிதம் எதுவும் நடந்ததில்லை.

கிணறும் அப்படித்தான். ஐந்து உருளை, ஐந்து வாளி. ஊர்த்தலைவர் வெயிலுமுத்து கை தட்டினால் ஐந்தும் ஒன்றாக இறங்க வேண்டும். இறங்கிய வாளிகள் பாதியில் முட்டிக்கொண்டு, கயிறு பின்னிக்கொண்டு, வெறுமனே மேலே வரும். ஆகவே கிணறு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஊர்ப் பெண்கள் இரண்டு மைல் தள்ளியிருக்கும் ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார்கள்.

பூரணி அங்கே புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்தவள். நடுத்தெரு மாசானத்தின் பெண்டாட்டி. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மூன்றே மாதத்தில் அவள் இடுப்பில் குடம் உட்காருகிற இடம் காய்த்துப்போயிற்று. ஆடி மாதத்துக்குள் கிணற்றுத் தண்ணீர் கைக்கு வராவிட்டால் தாய்வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப மாட்டேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். மாசானத்துக்கு அவள்மேல் உயிர். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தேயிலைப் பொட்டலத்துக்குள் ஒரு போட்டிச் சீட்டு வந்தது. ஏ, இ என்ற இரண்டு எழுத்தும் வருகிற ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தை ஒன்றைக் கட்டங்களுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். பரிசு, தண்ணீர் இறைக்கும் மோட்டார்.

பூரணிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "வாட்டர்," என்றாள். "டபிள்யூ, ஏ, டி, இ, ஆர். சரியா அஞ்சு எழுத்து. இன்னைக்கே தபால்ல போட்டுருங்க."

ஊர்க் கிணற்றுக்கு வரும் மோட்டார் ஊர்ப் பேரில்தானே வர வேண்டும்? மாசானம் சீட்டை ஊர்க்கூட்டத்தில் வைத்தான்.

வெயிலுமுத்து அதை வெகுநேரம் பார்த்தார். "எழுத்து அஞ்சு. தெருவும் அஞ்சு. நம்ம ஊரை மனசுல வச்சுத்தான் கம்பெனிக்காரன் போட்டியே வச்சிருக்கான். தெருவுக்கு ஒரு எழுத்து."

சீட்டுக் குலுக்கியதில் வடக்குத்தெருவுக்கு டபிள்யூ விழுந்தது. நடுத்தெருவுக்கு ஆர்.

கீழத்தெரு சங்கரவேலு துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அப்போ வடக்குத்தெரு முன்னால நிக்கும், நாங்க பின்னால நிக்கணும். அப்படித்தானவே?"

"நடுத்தெரு மட்டும் வாலு மாதிரி கடைசியில தொங்கணுமா?" என்று கேட்டது வேறு யாருமில்லை, மாசானம்தான். பெண்டாட்டி போவது வேறு, தெருவின் மானம் போவது வேறு அல்லவா?

"மாமா," என்றாள் பூரணி ஊர்த்தலைவரிடம். "வரிசையா நின்னாத்தான் அது வார்த்தை."

"வார்த்தை பெருசாம்மா, ஊர் ஒத்துமை பெருசா?" என்றார் வெயிலுமுத்து.

"அப்போ முதல் எழுத்தே வேண்டாம், எடுத்துருவோம்," என்றார் சங்கரவேலு.

"எடுத்தா ரெண்டாவது எழுத்து முதல்ல வந்து நின்னுக்கிடுமே?"

"அதையும் எடுத்துருவோம்."

இப்படியே எடுத்து எடுத்து, உச்சிவெயில் ஏறும்போது வெறும் சீட்டு மிஞ்சியது. எவருக்கும் அதில் ஆட்சேபணை இல்லை. பூரணிக்குத்தான் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "ஒண்ணுமே எழுதாம அனுப்பினா மோட்டார் எப்படி வரும்?" என்று கேட்டுவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியை இறக்கினாள்.

அதைக் கேள்விப்பட்ட மாசானத்துக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு யோசனை வந்தது. "அஞ்சு எழுத்தையும் முதல் கட்டத்துலயே எழுதிட்டா?"

கூட்டம் அசந்துபோயிற்று. எல்லோரும் முதல். யாரும் கடைசி இல்லை.

'கட்டங்களுக்குள் எழுதவும்' என்று போட்டிருந்ததால், தரையில் சுண்ணாம்பால் பெரிய கட்டம் ஒன்று போட்டு, தெருவுக்கு ஒருவராக ஐந்து பேர் அதற்குள் உட்கார்ந்து ஒரே பேனாவைப் பிடித்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து எழுத்தும் ஏறி, முதல் கட்டம் கரிச்சட்டி அடியாக ஆயிற்று. மற்ற நாலும் பளிச்சென்று இருந்தன.

தபால் பெட்டி மூன்று மைலில். கவரை ஐந்து பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டு தோளோடு தோள் நடந்தார்கள். வரப்பு ஒருவர் நடக்கிற அகலம்தான் என்பதால் மற்ற நாலு பேரும் சேற்றில் நடந்தார்கள். பெட்டியின் வாய்க்குள் ஐந்து கையையும் ஒரேயடியாக விட்டதில் கைகள் மாட்டிக்கொண்டன. நாலு மணிக்குத் தபால்காரர் வந்து பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கையாக உள்ளிருந்து தள்ளிவிட்டார். யார் கை முதலில் வெளியே வந்தது என்பதைப் பற்றி அவர்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

ஆடி பிறக்க ஒரு வாரம் இருந்தது. பூரணியின் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அன்றைக்குப் பார்த்து லாரி ஒன்று வந்து நின்றது, உள்ளே மோட்டார்.

எப்படி என்று கேட்கிறீர்களா? கூடவே வந்த கடிதத்தில் காரணம் இருந்தது. வார்த்தைக்குள் ஏ, இ இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மற்றவர்கள் அனுப்பியதில் அவற்றோடு மூன்று எழுத்துதான் கூடுதல். இவர்கள் கட்டத்தை நடுவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்தும் தெரிந்ததாம்; எந்த வார்த்தையானாலும் இதற்குள் அடங்கும் என்று பரிசை இவர்களுக்கே கொடுத்துவிட்டாராம். அந்த நடுவருக்கு எந்த ஊர் என்று விசாரிக்க எனக்கு ஆசை.

பூரணி சந்தோஷத்தில் பெட்டியைப் பிரித்துப் புடவைகளைக் கொடியில் போட்டாள். அதற்குள் லாரிக்காரர், "எங்கய்யா இறக்கணும்?" என்று கேட்டுவிட்டார். எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்க வேண்டும் என்று ஊர் சொன்னது. ஊரில் அப்படி ஓர் இடம்தான் உண்டு. அவர் மோட்டாரைத் தேரில் ஏற்றிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

தேரில் ஏறியதைச் சும்மா விடலாமா? தினமும் காலையில் தெருவுக்கு ஒரு குடமாக மோட்டாருக்கு ஐந்து குடம் அபிஷேகம் நடக்கிறது. நடுத்தெருக் குடம் பூரணியின் பொறுப்பு. முன்பு இரண்டு நடை போனவள், இப்போது மூன்று நடை ஓடைக்குப் போய்வருகிறாள்.

போன வாரம் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவள் கேட்டே விட்டாள். "மாமா, ஆடியும் வந்தாச்சு. இதை எப்போதான் கிணத்துல இறக்குவீங்க?"

வெயிலுமுத்து மோட்டாருக்குத் திருநீறு பூசிக்கொண்டிருந்தார். "கையால தூக்கினா எவன் கையாவது முதல்ல படுமேம்மா," என்றார் சாவகாசமாக. "தேர் அப்படியே கிணத்தடிக்குப் போகட்டும், இறக்கிருவோம். அதான் அஞ்சு வடம் பூட்டியிருக்கே."