ஒட்டகத்தைவிடப் பெரிய கோழி

கோழிக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், குழம்புக்குக் கோழி அடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கத்தியை எடுத்ததுமே கோழி காரணம் கேட்கும். "என்னை எதுக்கு? போன வாரம்தானே அஞ்சு முட்டை இட்டேன்?" என்று நியாயம் பேசும். பதில் சொல்லத் தெரியாமல் கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பருப்பு வேகவைத்தவர்கள் அநேகம். அதனால் எந்த வீட்டிலும் கோழிக்குத் தெரியாமல்தான் ஏற்பாடு நடக்கும்.

சிவந்த மணல்மேடான தேரி ஓரத்து ஊர் ஒன்றில் தொம்மை என்றொரு பனையேறி இருந்தான். மனைவி பிரகாசி. மூத்தவள் சலேத்துக்குப் பத்து வயது, தம்பி இஞ்ஞாசிக்கு ஆறு. இவர்களோடு செவலை என்று ஒரு கோழியும் இருந்தது. கேள்வி கேட்பதில் அந்தத் தெருவிலேயே அதை மிஞ்ச ஆள் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் பிரகாசி மல்லியும் மிளகும் வறுத்துக்கொண்டிருந்தாள். செவலை அடுப்படிக்கு வந்து மூக்கை நீட்டியது.

"இம்புட்டு மசாலா எதுக்குக்கா?"

"சாம்பாருக்கு."

"சாம்பாருக்குப் பட்டை கிராம்பு எதுக்கு?"

"ஏட்டி, அங்கிட்டுப் போ!" என்றாள் பிரகாசி. சொல்லும்போது அவள் செவலையின் முகத்தைப் பார்க்கவில்லை. செவலை மெல்லப் பின்வாங்கியது. போன வருஷமும் இப்படித்தான் சாம்பாருக்கு மசாலா வறுத்தார்கள். மறுநாளிலிருந்து கருப்பிக்கோழியைக் காணவில்லை.

முன்னறை மூலையில் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடைப் பொம்மை வாங்க வழியில்லை. வீட்டில் கிடந்ததை எல்லாம் வாரிக்கொண்டு வந்திருந்தார்கள். பழைய சாக்கைக் களிமண் கரைசலில் முக்கிப் பெட்டிமேல் போட்டதும் அது மலையாகிவிட்டது. உடைந்த கண்ணாடித் துண்டு குளம். தேங்காய்ச் சிரட்டையில் பத்து நாளாக முளைக்கவிட்ட கேழ்வரகு புல்வெளி. தலையணையைப் பிய்த்துப் பஞ்சையும் தூவியிருந்தார்கள். அது எதற்கென்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது. மாதாவும் சூசையப்பரும் துணிப்பொம்மைகள். பிறந்த குழந்தையைப் பார்க்க ஒட்டகத்தில் வந்த மூன்று ராசாக்களும் தீப்பெட்டிகள். அந்தக் காலத்தில் தீப்பெட்டி ஏது என்று கேட்காதீர்கள். தீப்பெட்டி வந்துவிட்டது, கோழிக்குப் பேச்சு போகவில்லை, அவ்வளவுதான்.

ஒட்டகம்தான் பெரும்பாடாக இருந்தது. ஊரில் ஒருவரும் ஒட்டகத்தைக் கண்டதில்லை. "முதுகுல ரெண்டு மேடு இருக்குமாம்" என்று தொம்மை யாரிடமோ கேட்டுவந்து சொன்னான். சலேத்து ஒரு நிலக்கடலையைத் தேடி எடுத்து, நாலு ஈர்க்குச்சியைக் காலாகக் குத்தி நிறுத்தினாள். இரண்டு மேடும் சரியாக இருந்தன. பெருவிரல் உயரம்.

இஞ்ஞாசி அதை எடுத்து உரிக்கப் பார்த்தான். பிரகாசி ஓடிவந்து கையிலேயே ஒன்று போட்டாள்.

"குடிலுக்குள்ள இருக்கிறதை, கிறிஸ்துமஸ் கழிஞ்சு வர்ற மூணு ராசா திருநாள் முடியிற வரைக்கும் யாரும் தொடப்படாது! நானே ஆனாலும் தொடப்படாது, தெரிஞ்சிக்கோ!"

செவலை இதைக் கேட்டது. ஒருமுறைக்கு இருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தது. பிள்ளைகள் கஞ்சி குடிக்கப் போன நேரம், மிச்சக் களிமண் கரைசல் இருந்த சட்டிக்குள் இறங்கி ஒரு முழுக்குப் போட்டது. பிறகு குடிலுக்குள் ஏறி, குழந்தையைப் படுக்கவைக்கும் தீவனத் தொட்டி என்று வைக்கோல் போட்டு வைத்திருந்த பெரிய சிரட்டைக்கு மேலாக உட்கார்ந்தது. வெயில் ஜன்னல் வழியாக அடித்தது. கொஞ்ச நேரத்தில் மண் காய்ந்து செவலை பொம்மைக்கோழி ஆகிவிட்டது.

முதலில் பார்த்தவள் சலேத்து. "அட, தம்பி கோழி செஞ்சிருக்கானே" என்று நினைத்தாள். தன்னைவிட நன்றாகச் செய்துவிட்டானே என்ற எரிச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. இஞ்ஞாசி, அக்கா செய்தது என்று நினைத்தான். தொம்மை வந்து பார்த்துவிட்டு, "யாருட்டி செஞ்சது? உயிரோட உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கே!" என்றான்.

"தம்பி."

"நான் இல்லப்பா, அக்காதான்."

"ஏலே, நான் செய்யல!"

"அப்போ உங்க அம்மையாத்தான் இருக்கும்."

பிரகாசி கையில் கத்தியோடு வந்தாள். "செவலையக் காலையில இருந்து காணல. எங்க போய்த் தொலைஞ்சுதோ!" என்றவள் குடிலைப் பார்த்தாள். "ஏங்க, இது எப்போ செஞ்சீங்க? அச்சு அசல் நம்ம செவலை மாதிரியே இருக்கு."

"நானா? நான் பனை மேலதானே இருந்தேன்."

நான்கு பேரும் செவலைக்கு எதிரே நின்றுகொண்டு, செவலை எங்கே போனது, இந்தக் கோழி எங்கிருந்து வந்தது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரகாசி வாசலில் நின்று அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு "பா, பா, பா" என்று கூப்பிட்டாள். செவலைக்குக் கால் தானாக ஒருமுறை தூக்கியது. தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டது.

நேரம் ஆக ஆகச் செவலைக்கே குழம்பிப்போயிற்று. சிறகை அசைக்கப் பார்த்தால் மண் இறுக்கியது. 'எல்லாரும் பொம்மை பொம்மைன்னு சொல்லுதாங்களே, ஒருவேளை இஞ்ஞாசிதான் என்னைச் செஞ்சானோ? அப்போ செவலைன்னு ஒருத்தி இருந்தாளே, அவ யாரு?' என்று யோசித்தது. யோசிக்க யோசிக்கப் பயம்தான் கூடியது.

சாயங்காலம் சலேத்து அழ ஆரம்பித்தாள். கோயிலுக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது, தொட்டியில் படுக்கவைக்கக் குழந்தை இல்லை. மாவில் செய்தார்கள், வெடித்துவிட்டது. மெழுகில் செய்தார்கள், மூக்கு இளகி வாயில் வழிந்தது. துணியைச் சுருட்டினால் தலை நிற்கவில்லை.

"பிள்ளை இல்லாத குடில் என்ன குடிலு? எல்லாரும் சிரிப்பாங்க" என்று சலேத்து தேம்பினாள்.

வைக்கோலின் வெதுவெதுப்போ, அந்த அழுகையோ, செவலைக்கு அடிவயிற்றில் ஒரு அசைவு வந்தது. 'இப்போ வேண்டாம், இப்போ வேண்டாம்' என்று தாங்கிப் பார்த்தது. அது தாங்குகிற காரியமா? சிரட்டைக்குள் வெள்ளையாக, சூடாக, ஒரு முட்டை விழுந்தது.

முட்டையிட்டால் நாலு பேருக்குச் சொல்லவேண்டும். அது கோழியின் பிறவிக்குணம். சொன்னால் கத்தி. செவலை அலகை இறுக்கி மூடிக்கொண்டது. 'முட்டை இட்டுட்டேன்', 'நான் பொம்மைதான்', 'இல்ல, கோழிதான்', 'அடிச்சிராதீங்க', 'பிள்ளை அழாதே', எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொண்டைக்கு வந்து முட்டி நின்றன. கடைசியில் எல்லாம் ஒரேயடியாக வெடித்தன.

"கொக் கொக் கொக் கெக்கேஏக்!"

உடம்பிலிருந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. செவலை எழுந்து நின்றது. கீழே தொட்டியில் முட்டை கிடந்தது.

பிரகாசி கத்தியோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். சலேத்து முட்டையை எடுத்து, அடுப்புக்கரியால் இரண்டு கண்ணும் ஒரு வாயும் வரைந்து, அம்மாவின் பழைய சேலைத் துணியில் பொதிந்து தொட்டியில் படுக்க வைத்தாள். குழந்தை சிரித்தது.

"யம்மா, செவலை குடிலுக்குள்ள இருக்கு" என்றாள் சலேத்து.

"நீங்களே ஆனாலும் தொடப்படாது" என்றான் இஞ்ஞாசி.

பிரகாசி கத்தியைக் கொண்டுபோய்ப் பரணில் வைத்துவிட்டு வந்தாள். "எதுக்குட்டி இப்படிச் செஞ்ச? உயிரோட விடுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?" என்றாள். செவலை தலையை ஒருபக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. எவ்வளவோ சொல்ல முயன்றது. கொக் கொக் என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. உள்ளே கலந்துபோன வார்த்தைகள் கலந்ததுதான், பிறகு பிரியவே இல்லை.

மறுநாள் பட்டையும் கிராம்பும் போட்ட கத்தரிக்காய்க் குழம்பு. மூன்று ராசா திருநாள் முடிந்து குடிலைக் கலைத்தபோது, சலேத்து பொம்மைகளோடு செவலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். "இது அடுத்த வருசத்துக்கும் வேணும்" என்றாள். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னாள். செவலை கிழடாகி, தூக்கத்தில்தான் செத்தது.

ஆனால் அது பொரித்த குஞ்சுகளுக்கு அந்தக் கலந்த பேச்சுதான் வந்தது. மற்றக் கோழிகளும் அதையே கற்றுக்கொண்டன. காரணம் கேட்கக் கோழிக்கு வாய் இல்லாமல் போனதும், மனிதருக்குக் கத்தி எடுப்பது லேசாகிவிட்டது. இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அன்று முதல்தான் முட்டையிட்ட கோழி வார்த்தை வராமல் ஊரைக் கூட்டிக் கத்துகிறது, நடக்கும்போது நடுவில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு தான் யாரென்று யோசிக்கிறது. பிள்ளைகள் கட்டும் குடிலிலும் ஒட்டகத்தைவிடப் பெரிதாக ஒரு கோழி வந்து உட்காருவது அன்று முதல்தான். யார் வைத்தது என்று கேட்டால் அக்கா தம்பியைக் காட்டுவாள், தம்பி அக்காவைக் காட்டுவான், ஆனால் அதை வெளியே எடுக்க மட்டும் விடமாட்டார்கள்.