கட்டுக்குக் கீழே வந்த போத்து

ஒரு குளக்கரை ஆலமரத்தில் மலை அணில் ஒன்று கூடு கட்டியிருந்தது. அது அந்தக் கரையில் பிறந்ததல்ல. மலையில் பிறந்தது. ஒரு பெருமழையில் ஆறு புரண்டு, அது உறங்கிய மரத்தையே பெயர்த்து, இந்தச் சமவெளியில் ஒதுக்கிவிட்டுப் போயிற்று. அதன் செம்பட்டை முதுகைப் பார்த்துக் குளக்கரைப் பிராணிகள் அதைச் செவலை என்று கூப்பிட்டன.

வானம் தெளிந்த நாளில் ஆலமரத்து உச்சியிலிருந்து மலை தெரியும். செவலை தினமும் காலையில் அங்கே ஏறிப் பார்க்கும். ஆனால் திரும்பிப் போக வழியில்லை. மலை அணில் மரத்துக்கு மரம் தாவித்தான் போகும்; தரையில் நெடுந்தூரம் நடந்து பழகாத இனம். குளத்துக்கும் மலைக்கும் நடுவே கிடந்ததோ மரமே இல்லாத பொட்டல்.

செவலைக்கு ஒரே ஓர் ஏக்கம்தான். மலையில் அதன் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கமலா ஆரஞ்சு மரம் இருந்தது. பழத்தோலைக் கடித்ததும் மீசையில் சாறு தெறிக்கும். அந்த வாசனையோடுதான் அங்கே பொழுது விடியும். இங்கே விடியும்போது குளத்துச் சேற்றின் வாசனை வரும். அது கெட்ட வாசனை அல்ல. வேறு வாசனை, அவ்வளவுதான்.

ஆலம்பழம் பழுக்கும் காலத்தில் மலையிலிருந்து ஓர் இருவாச்சிப் பறவை வரும். செவலை அதனிடம் அந்த மரத்தைப் பற்றி விசாரித்தது. மரம் நிற்கிறது, ஆனால் சரிவில் மண் கரைந்து வேர் வெளியே தெரிகிறது என்று இருவாச்சி சொன்னது. அடுத்த முறை ஒரு பழம் கொண்டு வரட்டுமா என்றும் கேட்டது.

“பழம் தின்னா தீர்ந்துடும் அக்கா. ஒரு குச்சி ஒடிச்சுட்டு வா” என்றது செவலை.

சில நாளில் குச்சி வந்தது. ஈரப் பாசியில் சுற்றி, அலகில் பதமாகக் கவ்விக் கொண்டுவந்திருந்தது இருவாச்சி.

குளக்கரை மேட்டில் ஒரு முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தது. ஈட்டியன் என்று பெயர். வளை வாசலில் அது ஒரு காட்டு எலுமிச்சைக் கன்றை வளர்த்து வந்தது. குச்சியை ஒட்டுக்கட்டக் கன்றைத் தந்துவிடும்படி செவலை கேட்டபோது, கொஞ்சம் முனகிவிட்டுச் சம்மதித்து, அதை வேரோடு பெயர்த்து ஆலமரத்துக்கு எதிரே நட்டது. கன்றின் தலையைத் தன் பல்லால் கத்தரித்தது. நின்ற தண்டை ஒரு முள்ளால் பிளந்தது. மலைக் குச்சியின் அடியை ஆப்பு மாதிரிச் சீவிப் பிளவில் செருகியது. செவலை வாழைநாரால் இறுக்கிக் கட்டியது. இளம்பட்டையின் ருசி நாக்கில் ஏறியபோதும் முள்ளம்பன்றி ஒரு கடிகூடக் கூடுதலாகக் கடிக்கவில்லை. அதன் வாழ்நாளில் அதைவிடப் பெரிய தியாகம் கிடையாது.

“தங்கச்சி, ஒண்ணு மட்டும் மறக்காதே. கட்டுக்கு மேலே வர்றது உன் மலை. கட்டுக்குக் கீழே வர்றது என் எலுமிச்சை. கீழே எது துளிர்த்தாலும் அன்னைக்கே கிள்ளிடு” என்றது ஈட்டியன்.

செவலை தலையாட்டியது. வேரில் தண்ணீர் தேங்காமல் மண்ணைச் சுற்றிலும் அணைத்தது. வௌவால் எச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டது. சருகைத் தண்டில் படாமல் தள்ளிப் பரப்பியது. பிறகு கட்டுக்கு எதிரே உட்கார்ந்து காத்திருந்தது.

மேலே இரண்டு இலை வந்தது. சின்ன இலைகள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

அடுத்த ஆலம்பழக் காலத்தில் இருவாச்சி வந்தபோது சேதியும் வந்தது. மலையில் அந்த மரம் விழுந்துவிட்டது. இனி எத்தனை தடவை கேட்டாலும் குச்சி கிடையாது. செவலை அன்று முழுவதும் கூட்டைவிட்டு இறங்கவில்லை.

மறுநாள் இறங்கிப் பார்த்தபோது கட்டுக்குக் கீழே ஓர் இளங்கிளை, போத்து என்பார்களே அது, கிளம்பியிருந்தது. கொழுகொழுவென்று, பச்சைப் பசேலென்று, மேல்நோக்கி நேராக. செவலை அதைக் கிள்ள வாயைக் கொண்டுபோனது. கிள்ள முடியவில்லை. செத்துப்போன மரத்தின் செடியில் இப்படி ஓர் உயிர் துடிக்கும்போது அதை எப்படிக் கிள்ளுவது?

நாளைக்குக் கிள்ளலாம் என்று நினைத்தது. நாளை நாளை என்று தள்ளுவதற்குள் போத்து மேலே இருந்த இரண்டு இலையையும் தாண்டிவிட்டது.

ஆலமரத்துக் குரங்கு எட்டிப் பார்த்தது. “அடேங்கப்பா, என்ன வளர்த்தி அக்கா! மலை ரத்தம் சும்மாவா?” என்றது. குரங்குக்கு மலையைப் பற்றியும் தெரியாது, ஆரஞ்சைப் பற்றியும் தெரியாது. பழத்தைப் பற்றி மட்டும் தெரியும். ஆனால் செவலைக்கு அந்தச் சொல் நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது.

ஒரு மாலையில் ஈட்டியன் வந்து பார்த்துத் திகைத்து நின்றது. போத்தில் நீளநீளமாக முள் இருந்தது. மலை ஆரஞ்சுக்கு ஏது இவ்வளவு முள் என்று கேட்டது.

“இந்த ஊர்க் காத்துக்கு யாருக்குத்தான் முள் முளைக்காது” என்றது செவலை.

“முள்ளைப் பத்தி என்கிட்டயே சொல்றியா? தள்ளு, நானே கடிச்சு எறியறேன்.”

செவலை செடிக்கு முன்னால் வந்து வாலை விரித்து நின்றது. “இதுல வாயை வச்சா, நீ யாரோ நான் யாரோ.”

ஈட்டியன் அதை ஒரு கணம் பார்த்தது. பிறகு வளைக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

மழைகள் வந்தன, போயின. போத்து மரமாயிற்று. மேலே இருந்த குச்சி அதன் நிழலுக்குள் ஒடுங்கிச் சருகின் நிறத்துக்கு மாறியது. செவலையின் முகத்து மயிரும் நரைத்தது. ஒரு காலையில் மரம் பூத்தது. வெள்ளைப் பூ, நல்ல மணம். செவலை கண்ணை மூடிக்கொண்டது. இதுதான் அது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அடுத்த நாளும் சொல்லிக்கொண்டது. தானாகத் தெரியவேண்டியதை ஏன் இத்தனை முறை சொல்லவேண்டியிருக்கிறது என்று மட்டும் அது யோசிக்கவில்லை.

அந்தக் குளக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. யார் வளர்த்த மரமானாலும் முதல் பழத்தைக் குளத்துப் பாறையில் வைத்து எல்லாருக்கும் பங்கிடவேண்டும். பழம் மஞ்சளானதும் செவலை அதைப் பாறைக்கு உருட்டிக்கொண்டு வந்தது. மலையைப் பற்றி இத்தனை காலம் கேட்டுக் கேட்டுச் சலித்த எல்லாரும் கூடிவிட்டார்கள். ஈட்டியன் மட்டும் தள்ளி நின்றது.

முதல் சுளை குரங்குக்கு. வாயில் போட்ட குரங்கின் ஒரு கண் மூடிக்கொண்டது, பிறகு மற்றொன்று. முயலின் காது இரண்டும் முதுகோடு ஒட்டிக்கொண்டன. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. நெடுநேரம் வெளியே எடுக்கவில்லை.

“இதுக்காகவா அக்கா தினமும் மலையைப் பாத்து அழுதே? நம்ம குளத்துத் தண்ணியே தேவலையே” என்றது குரங்கு. எல்லாரும் சிரித்தார்கள்.

செவலை கடைசிச் சுளையைக் கடித்தது. புளிப்பு பல்லைக் கூசவைத்தது. மீசையில் சாறு தெறித்தது. அதில் மலை இல்லை.

கூட்டம் கலைந்தது. செவலை மரத்தடிக்குப் போய், காய்ந்த குச்சியைப் பார்த்தபடி உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் முட்கள் உரசும் சத்தம் கேட்டது.

“கிள்ளியிருக்கணும் அண்ணே” என்றது செவலை, திரும்பிப் பார்க்காமல்.

ஈட்டியன் கிட்டே வந்தது. குச்சியின் அடியில், கட்டுக்குச் சற்று மேலே, பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டியது. காய்ந்த தோலுக்கு அடியில் நூலிழை போல ஒரு பச்சை இருந்தது.

“உயிர் இருக்கு. ஆனா மேலே சாறு ஏறணும்னா இது போகணும்” என்று பெரிய மரத்தைக் காட்டியது. “நான் கடிக்கவா?”

“வேண்டாம். நானே” என்றது செவலை.

செவலை கடிக்கத் தொடங்கியதைப் பார்த்துக் குரங்கு ஓடிவந்து புலம்பியது. இத்தனை காலம் வளர்த்த மரம், நிறையக் காய் தொங்குகிறது, புளித்தாலும் பழம்தானே, நிழலாவது மிஞ்சும் என்று கெஞ்சியது.

“நிழலுக்கு இந்த ஆலமரம் போதும். நான் நிழலுக்கா ஏங்கினேன்?” என்றது செவலை.

கடிக்கக் கடிக்கக் கசந்தது. முள் உதட்டைக் கிழித்தது. பொழுது சாயும்வரை கடித்தது. பூவும் காயுமாக மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. இருந்த பச்சையெல்லாம் போயிற்று. மிஞ்சியது ஒரு கட்டும், அதன்மேல் விரல் நீளக் குச்சியும்தான். ஈட்டியன் வெட்டுவாயில் சேறு பூசியது.

அதற்குப் பிறகு கட்டுக்குக் கீழே எத்தனையோ துளிர்கள் வந்தன. ஒவ்வொன்றும் அழகாகத்தான் வந்தது. செவலை ஒவ்வொன்றையும் விடிந்ததும் கிள்ளிப் போட்டது.

அடுத்த மழைக்குப் பிறகு கட்டுக்கு மேலே ஓர் இலை விரிந்தது. முள் இல்லை. செவலை அதைப் பறிக்கவில்லை, கசக்கவில்லை. மூக்கை மட்டும் அதன்மேல் மெல்ல வைத்தது.

ஈட்டியன் காத்திருந்தது. “என்ன தங்கச்சி?”

செவலைக்கு அந்த இலையில் மலை மணத்தது. அதன் கண்ணிலிருந்து வழிந்தது இலையில் விழுந்துவிடாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பழம் வரப் பல மழை ஆகும். அதுவரை தான் இருப்போமா என்று செவலைக்குத் தெரியாது. இருந்தாலும் மறுநாள் காலை அது உச்சிக்குப் போய் மலையைப் பார்க்கவில்லை. நேரே இறங்கிவந்து சருகை விலக்கி, கட்டுக்குக் கீழே புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று தேடியது.

ஏங்கிய ஒன்றை அடைய வேண்டுமானால், அதன் இடத்தில் செழித்து வந்து நிற்கும் வேறொன்றைத் தன் கையாலேயே களையத் துணிய வேண்டும்.