யாளி மார்க் கத்தி

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. மதிய வேளையில் யார் வந்தாலும் அங்கே சோறு உண்டு. மடத்தின் குரு ஒரு பெண். பெயர் உலகம்மை. நாற்பதைத் தாண்டிச் சில வருஷம் இருக்கும். ஊரார் மடத்தம்மா என்று கூப்பிடுவார்கள்.

அவருடைய சீடர் பூவலிங்கம் வயதில் குருவுக்குத் தகப்பன் போல இருப்பார். காய்கறிச் சந்தையில் தரகராக இருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர். சந்தையை விட்டாரே தவிர சந்தைப் புத்தியை விடவில்லை. யாராவது கும்பிட்டால்கூட அதில் சரக்கு எவ்வளவு, சாக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் பதிலுக்குக் கும்பிடுவார். அதனாலேயே சமையற்கட்டுக்குச் சாமான் வாங்கும் பொறுப்பை மடத்தம்மா அவரிடம் கொடுத்திருந்தார்.

ஆனித் திருவிழா நெருங்கியது. அன்றைக்கு மடத்தில் ஊர்ப்பட்ட கூட்டம் சாப்பிடும். காய் நறுக்குவது மேட்டுப்பட்டிப் பெண்களின் உரிமை. அவர்கள் வந்து நறுக்கிக் கொடுத்த பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள். மடம் தொடங்கிய காலத்திலிருந்து அதுதான் வழக்கம்.

பழைய கத்திகள் சேனைக்கிழங்கைக் கண்டால் முரண்டு பிடித்தன. பூவலிங்கம் கடை கடையாக ஏறி, தட்டிப் பார்த்து, நகத்தில் வைத்துப் பார்த்து, கடைசியில் ஒரு கட்டுக் கத்தி வாங்கி வந்தார். யாளி மார்க். பக்கத்து மலைச்சரிவில் செய்கிற கத்திதான். அதைவிட நல்ல கத்தி அந்தச் சீமையில் கிடையாது.

சாமான்களை ஒருமுறை பார்த்துப் போக மேட்டுப்பட்டிப் பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் இசக்கியம்மாள். ஒரு கத்தியை எடுத்தாள். அலகில் பொறித்திருந்த யாளியைப் பார்த்தாள். கை சுட்டதுபோலக் கீழே வைத்துவிட்டாள்.

“நாங்க இதத் தொடமாட்டோம் அண்ணாச்சி.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

யாளி மார்க்கின் முதலாளி சங்கரபாண்டியன். பட்டறை போட மலைச்சரிவில் அவர் நிலம் வாங்கினார். அந்த நிலத்தில் ஒரு சுனை இருந்தது. மேட்டுப்பட்டி முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. சுனையை ஒருநாளும் மறிப்பதில்லை என்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். அடுத்த கோடைக்குள் சுனையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுப் பூட்டிவிட்டார். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அந்தத் தண்ணீரில் முக்கினால்தான் யாளிக் கத்திக்குப் பதம் வருகிறது, ஊரார் குடத்தை முக்கினால் தண்ணீரின் குணம் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. நிலம் அவர் பெயரில் இருந்ததால் அதிகாரிகள் கையை விரித்துவிட்டார்கள்.

அன்று முதல் பெண்கள் தண்ணீருக்கு ஆற்றுக்கு இறங்கி ஏறினார்கள். இசக்கியம்மாளின் மருமகள் வழுக்குப் பாறையில் குடத்தோடு விழுந்து, கை ஒடிந்து கிடக்கிறாள்.

“எங்க தண்ணியில செஞ்ச கத்தி இது. இத வச்சு நறுக்கணும்னா நாங்க திருவிழாவுக்கே வரல.”

அவ்வளவுதான். பெண்கள் போய்விட்டார்கள்.

பூவலிங்கம் ஒரு கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு குருவிடம் போனார். மடத்தம்மா சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து கிழங்குகளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, கத்தியப் பாத்து வாங்கணுமா, கத்திக்காரனப் பாத்து வாங்கணுமா?”

“கத்தி எப்படிய்யா?”

“ஒரு குத்தம் சொல்ல முடியாது.”

“ஆளு?”

“ஒரு நல்லது சொல்ல முடியாது. தம்பி பாகத்த முழுங்கிட்டு அவன கோர்ட்டுக்கு அலைய விடுதாரு. சூடம் அணச்ச கை ஆறுறதுக்குள்ள வேலி போட்ட மனுஷன்.”

“எடை போட்டுப் பாத்தீங்களா?”

“போட்டுக்கிட்டேதான் இருக்கேன். முள்ளு ஒரு பக்கம் நிக்கமாட்டேங்குது.”

மடத்தம்மா கத்தியை வாங்கினார். பெரிய சேனை ஒன்றை முன்னால் இழுத்து வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். கிழங்கு சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது. வெட்டிய பக்கத்தைத் திருப்பி, விரலால் தடவிப் பார்த்தார்.  

“காலையில பட்டறைக்குப் போவோம். இசக்கியக்காவ ஒரு குடம் ஆத்துத் தண்ணியோட வரச் சொல்லுங்க.”

மறுநாள் மூவரும் மலை ஏறினார்கள். இசக்கியம்மாள் இடுப்பில் குடம். இந்தத் தண்ணீரை அந்த ஆள் முகத்தில் ஊற்றத்தான் கொண்டுபோகிறோம் என்றால் இன்னும் இரண்டு குடம் சேர்த்தே கொண்டுவந்திருப்பேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். மடத்தம்மா சிரித்தாரே தவிர, ஊற்றாதே என்றும் சொல்லவில்லை.

பட்டறை வாசலில் ஒடிந்த கத்திகள் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலைப் பற்றிச் சந்தையில் எல்லாருக்கும் தெரியும். பட்டறையில் ஒரு பலகை உண்டு. அதில் இரண்டு இரும்பு முளை அடித்து, பக்கத்தில் ஒரு கோடு கீறியிருக்கும். முடிந்த கத்தி ஒவ்வொன்றையும் முளைகளுக்கு நடுவே கொடுத்து, கோடு வரைக்கும் வளைத்து விடுவார் சங்கரபாண்டியன். நிமிர்ந்தால் விற்பனைக் கூடைக்குப் போகும். வளைந்தபடி நின்றால் மறுபடி உலைக்குப் போகும். ஒடிந்தால் வாசலில் விழும். அந்த வேலையை ஆசாரிகள் கையில்கூட அவர் கொடுப்பதில்லை. கீறல் விழுந்த கத்தியைப் பாதி விலைக்குக் கேட்டு வந்த வியாபாரிகளை அவர் நாயை விரட்டுவதுபோல விரட்டியிருக்கிறார்.

மடத்தம்மாவைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். குடத்தைக் கண்டதும் முகம் மாறியது.

“சுனை இல்லேன்னா யாளி இல்லம்மா. நான் என்ன ஆசைக்கா வேலி போட்டேன்?”

“வேற தண்ணியில முக்கிப் பாத்திருக்கீங்களா அண்ணாச்சி?”

“பட்டறை போட்ட நாள்லருந்து சுனைத் தண்ணிதான். வேற எதுக்குப் பாக்கணும்?”

“இன்னைக்குப் பாப்போமே. இந்தக் குடத்துத் தண்ணியில முக்கச் சொல்லுங்க. உங்க பலகையில நீங்களே வளைங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

சங்கரபாண்டியன் வாய்விட்டுச் சிரித்தார். ஆற்றுத் தண்ணீர்க் கத்தி தன் பலகையில் நிற்காது என்றும், ஒடிந்த துண்டுகளை மடத்துக்கே தந்துவிடுவதாகவும் சொன்னார். ஆசாரியைக் கூப்பிட்டார்.

பூவலிங்கம் குருவின் பக்கத்தில் குனிந்தார்.

“நின்னா வேலிய எடுப்பேன்னு ஒரு வார்த்தை வாங்கிருங்கம்மா.”

“அவரு வார்த்தை நமக்கு எதுக்குய்யா?”

ஆசாரி தொட்டியில் குடத்தைக் கவிழ்த்தார். உலையில் சிவந்து கிடந்த அலகுகளை ஒவ்வொன்றாக எடுத்து முக்கினார். பட்டறை முழுக்க ஆவி எழுந்தது. பிறகு அவற்றை இளஞ்சூட்டில் வாட்டி, ஆறவிட்டு, முதலாளி முன்னால் வைத்தார். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே பார்த்தார்கள்.

சங்கரபாண்டியன் முதல் கத்தியை முளைகளுக்கு நடுவே கொடுத்தார். கோடு வரைக்கும் வளைத்து, விட்டார். கத்தி ‘டங்’ என்று நிமிர்ந்தது.

வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நேராகத்தான் இருந்தது.

அடுத்ததும் நிமிர்ந்தது. அதற்கடுத்ததும் நிமிர்ந்தது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போயிற்று என்று யாரும் கவனிக்கவில்லை.

கடைசி அலகைக் கையில் எடுத்தார். அதை வளைக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றார். பூவலிங்கம் பலகையில் கீறியிருந்த கோட்டையே பார்த்தார். கோட்டுக்கு அப்பால் ஒரு விரற்கடை இழுத்தால் போதும், எப்பேர்ப்பட்ட கத்தியும் ஒடிந்துவிடும். ஒடிந்தால் சுனை அவருடையது. இழுத்தது ஒரு விரற்கடை கூடுதல் என்று எட்டி நிற்கிற யாரால் சொல்ல முடியும்? சாமி முன்னால் பொய் சொன்ன கைக்கு இது ஒரு பெரிய காரியமா?

சங்கரபாண்டியன் வளைத்தார். கத்தியின் நுனி கோட்டைத் தொட்டது. அவர் முன்கையில் நரம்பு புடைத்தது. நுனி அங்கேயே நின்று நடுங்கியது. இசக்கியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கை விட்டது. கத்தி நிமிர்ந்தது.

“நிக்குது” என்றார் சங்கரபாண்டியன்.

 அவரே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் விற்பனைக் கூடையில் போட்டார். ஆசாரிக்கு ஒன்றும் புரியவில்லை.

“முதலாளி, அது ஆத்துத் தண்ணி…”

“எல்லாம் யாளிதாம்வே. கிடக்கட்டும்.”

பலகை மேல் போய் உட்கார்ந்தார். துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று பூவலிங்கம் காத்திருந்தார். மடத்தம்மா காத்திருப்பதாகவே தெரியவில்லை. ஆசாரியிடம் அவர் பேத்தியின் கல்யாணத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

சங்கரபாண்டியன் எழுந்தார். சுவரில் தொங்கிய கம்பி வெட்டும் குறடை எடுத்தார்.

“இசக்கி, குடத்த எடுத்துக்கிட்டு வா.”

இசக்கியம்மாள் அசையவில்லை. அந்த மனுஷனின் வார்த்தையை நம்பி அவள் ஒருமுறை பட்டது போதாதா? அவரும் இரண்டாம் முறை கூப்பிடவில்லை. விறுவிறுவென்று சரிவில் ஏறினார். சற்று நேரத்தில் மேலேயிருந்து ஒரு கம்பி அறுந்து தெறிக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. அதற்கு மேல் இசக்கியம்மாளால் நிற்க முடியவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

அவள் போட்ட குலவை மேட்டுப்பட்டி வரை கேட்டது. கீழேயிருந்து பதில் குலவை எழுந்தது. வீட்டுக்கு வீடு குடத்தோடு கிளம்பி வந்தார்கள். கட்டுப் போட்ட கையோடு மருமகளும் ஏறி வந்து, சுனைக் கரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீரில் விட்டுக்கொண்டாள். யாரும் முதலாளிக்கு நன்றி சொல்லவில்லை. யாரும் அவரைத் திட்டவும் இல்லை. அவர் அறுத்த கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

இசக்கியம்மாள் நிறைத்த முதல் குடத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேரே பட்டறைக்குள் போய் அவருடைய தொட்டியில் ஊற்றினாள்.

“ஊரு குடம் முக்கின தண்ணி. இதுலயும் ஒரு கத்திய முக்கிப் பாரும்.”

சங்கரபாண்டியன் தலையாட்டினார்.

பூவலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சந்தையில் எத்தனையோ பேரம் முடித்திருக்கிறார். ஒன்றிலும் இப்படி ஒரு சந்தோஷம் கண்டதில்லை. இறங்கும் வழியில் கல் தடுக்கியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

திருவிழாவுக்கு முந்தின நாள் மேட்டுப்பட்டியே மடத்தில் இருந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நறுக்கினார்கள். வாழைக்காய் ஒரு பக்கம், பூசணி ஒரு பக்கம் மலையாகக் குவிந்தது. இசக்கியம்மாள் யாளிக் கத்தியால் ஒரு முழுச் சேனையைப் பிளந்தாள். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பாவி, நல்லாத்தான் செய்யுதான்” என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பூவலிங்கம் குருவின் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு மனசில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

“தம்பி பாகத்த இன்னும் குடுக்கலியாம்மா அவரு.”

“ஆமாய்யா. நானும் கேள்விப்பட்டேன்.”

“தம்பிய ஏமாத்துனாரு. சாமியவே ஏமாத்துனாரு. அன்னைக்கு ஒரு விரற்கடை கூட இழுத்திருந்தா நம்ம கதை முடிஞ்சிருக்கும். இழுக்கமாட்டாருன்னு எத நம்பி அந்தக் குடத்தத் தூக்கிட்டு வரச் சொன்னீங்க?”

மடத்தம்மா நறுக்குவதை நிறுத்தவில்லை.

“அந்தக் கோட்டுலயும் ஏமாத்துத ஆளா இருந்தா, நீங்க அவரு கத்திய வாங்கியே இருக்கமாட்டீங்கய்யா.”